கட்டுத்தரை இல்லாத வீட்டில் காலை 5 மணிக்கு எழுந்து என்ன செய்வது?

காங்கயம் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு, இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டு, சென்ற தை மாதம் கோவை சரவணம்பட்டியில் மகன் குடும்பத்தோடு அடுக்குமாடி வீட்டில் வந்து தங்கியிருக்கும் 56 வயது அம்மா ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். விடிகாலை 5 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, பொழுதிறங்கும் நேரத்தில் நெஞ்சை ஏதோ அழுத்துகிறது என்கிறார். மகன் சேர்த்துவிட்ட யோகா வகுப்பு, மருமகள் வாங்கித் தந்த நாட்குறிப்பு, கைப்பேசியில் ஏற்றித் தந்த தியானச் செயலி ஆகிய எதுவும் நான்கு நாளைக்கு மேல் நிற்கவில்லை என்றும், மனதுக்கு ஆறுதல் தரும்படி தினமும் செய்யத்தக்க எளிய பழக்கங்களைச் சொல்லும்படியும் எழுதியிருக்கிறார். கடைசியில் ஊரில் அக்கா ஒருவர் இருப்பதைச் சொல்லி, விற்ற செவலைப் பசுவைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எங்க செவலையப் போயி ஒருக்கா பாத்துட்டு வரலாமுங்களா, பாத்தா இன்னும் எச்சாயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

நான்கு பழக்கங்களை எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் "முப்பது ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் எழுந்து வேலை பார்த்த என்னால் இங்கே நான்கு நாளைக்கு ஒன்றைப் பிடித்து நிற்க முடியவில்லையே, என்னிடம் ஏதோ குறைந்துவிட்டதா" என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. மனநலச் சமூகப் பணியில் பயிற்சி பெற்று, ஈரோடு, கோபி வட்டாரங்களில் 21 ஆண்டுகளாக ஆலோசனை சொல்லி வருகிறேன். நான் மருத்துவர் அல்லேன். மருந்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஒரு கடிதத்தைப் படித்து நோய் உண்டு, இல்லை என்று தீர்மானிக்கவும் முடியாது. இந்த எல்லைக்குள் நின்றே சொல்கிறேன்: அம்மா, உங்களிடம் எதுவும் குறைந்துவிடவில்லை. உங்களை எழுப்பிக்கொண்டிருந்தது நின்றுபோயிருக்கிறது.

ஊரில் உங்கள் காலை எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்கள் எழுதவில்லை என்றாலும், கட்டுத்தரை உள்ள வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். கோழி கூப்பிடும் முன்பே மாடு ஒரு குரல் கொடுக்கும். எழுந்து சாணத்தை வாரி, தரையைக் கூட்டி, தீனி போட்டு, மடியைக் கழுவிக் கறந்து, நுரை அடங்குவதற்குள் போசியைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்க வேண்டும். அங்கே பாலை அளந்து அட்டையில் எழுதி வாங்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டால் அன்றைய பால் வீட்டிலேயே நின்றுவிடும். வரிசையில் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் காதில் விழும். திரும்பி வந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டால் பொழுது கிளம்பியிருக்கும். மாலையில் இதே வேலை இன்னொரு முறை. இந்த முப்பது ஆண்டுகளில் எந்தக் காலையிலாவது, இன்றைக்குக் கறக்க மனம் இருக்கிறதா என்று நீங்கள் உங்களைக் கேட்டிருப்பீர்களா? கேட்க வாய்ப்பே இருந்திருக்காது. மனம் எப்படி இருந்தாலும் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும். உங்கள் மனநலத்தைத் தாங்கிய தூண்களில் பாதி அந்தக் கட்டுத்தரையில் நின்றன. அவற்றுக்கு மனநலம் என்று யாரும் பெயர் வைக்காததால், மாட்டை விற்றபோது கூடவே என்ன போகிறது என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதில் உறுதியாகச் சொல்லத்தக்கவற்றை முதலில் சொல்கிறேன். நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, உடலின் கடிகாரமாக வேலை செய்யும் ஒரு சிறு நரம்பணுத்தொகுதி இருக்கிறது. தூக்கம், பசி, உடல்வெப்பம், சில சுரப்புகள் ஆகியவை அதன் கணக்குப்படி நடக்கின்றன. உயிரணுக்களுக்குள் இத்தகைய கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் அமெரிக்க அறிவியலாளர்கள் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தானாக ஓடவிட்டால் இக்கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது முதன்மையாகக் காலை வெளிச்சம். வீட்டுக்குள் குழல்விளக்கின் கீழே 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட, பொழுது சற்று ஏறிய பிறகு வெட்டவெளியில் அது சில ஆயிரங்களாக இருக்கும். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. சொசைட்டிக்கு நடந்த நடையில் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த இது, இப்போது கூடத்தின் திரைச்சீலைக்கு வெளியே நிற்கிறது.

வெளிச்சத்தைப் போலவே மனிதர்களும் நமக்கு நேரம் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய எல்லன் ஃபிராங்க் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988இல் இக்கருத்தை முன்வைத்தார்கள். துணையை இழப்பது, வேலையை விடுவது, ஊர் மாறுவது போன்றவை மனச்சோர்வுக்கு இட்டுச் செல்வதற்கு, இழப்பின் துயரம் மட்டுமல்லாமல், அன்றாட நேர ஒழுங்கு குலைந்துபோவதும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்களின் கருத்து. இதைக் கொண்டு உருவாக்கிய சிகிச்சை முறையில், நோயாளி நாள்தோறும் ஐந்து நேரங்களை மட்டும் குறித்து வைக்கிறார்: படுக்கையை விட்டு எழுந்த நேரம், முதல் மனிதரோடு முகம் பார்த்துப் பேசிய நேரம், அன்றைய வேலையைத் தொடங்கிய நேரம், இரவு உணவு உண்ட நேரம், படுத்த நேரம். மனம் ஒரு காலம் மிகையாகப் பொங்கியும் ஒரு காலம் மிகவும் சோர்ந்தும் போகும் இருதுருவ மனநிலைக் கோளாறு உடையவர்களுக்காக வகுக்கப்பட்ட முறை இது. உங்களுக்கு அந்நோய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஐந்து நேரங்களின் பட்டியல் எனக்கு மிகப் பயன்பட்டிருக்கிறது. ஊரில் உங்கள் ஐந்தும் ஆணி அடித்ததுபோல நின்றன. இப்போது எழும் நேரம் ஒன்று மட்டும் நிற்கிறது. முதலில் ஒருவரோடு பேசும் நேரம், மகனும் மருமகளும் எழுந்து, குளித்து, கணினிக்கு முன் உட்காரும் முன்னால் கிடைக்கும் ஏதோ ஒரு நிமிடம்.

இரண்டாவது உறுதி, செயல் முன்னால் போனால் மனம் பின்னால் வரும் என்பது. மனம் தெளிந்த பிறகு எழுந்து வேலை பார்க்கலாம் என்று காத்திருப்பதைவிட, பயனுள்ள சிறு வேலைகளைக் குறித்த நேரத்தில் செய்ய உதவுவதே மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சையாக வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் மனச்சோர்வு உடைய 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சிந்தனை முறையை மாற்றும் புகழ்பெற்ற சிகிச்சைக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததில்லை என்று தெரியவந்தது. நம் நாட்டிலும் கோவா மாநிலத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், ஏறத்தாழ 500 பேரிடம் இதே அடிப்படையிலான முறை சோதிக்கப்பட்டு 2017இல் முடிவு வெளியானது. பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அல்லாமல், பயிற்சி தரப்பட்ட உள்ளூர் மக்களே அதை நடத்தினார்கள், பலனும் இருந்தது. ஆகவே சின்னஞ்சிறு அன்றாட வேலைகள் மனதைத் தேற்றும் என்பதைப் பாட்டிமார் சொன்ன ஆறுதல் வார்த்தை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவது என் அனுபவத்தில் இருந்து நான் எடுத்த முடிவு. சோதனை நடத்தி நிறுவியது அன்று. ஒரு பழக்கம் நிற்பதும் நிற்காததும், அதன் மறுமுனையில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒன்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நாட்குறிப்பு காத்திருப்பதில்லை, திறக்காவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். செயலி மணி அடிக்கும், ஆனால் நீங்கள் வராததால் அதற்கு ஒன்றும் வாடாது. மாடு காத்திருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் சென்னிமலைப் பக்கத்தில் இருந்து நெசவாளி ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். முழங்கால் தேய்ந்து தறிக்குழியில் இறங்க முடியாமல் போனதும் தறியைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்த நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் ஒரு வாரம்கூட நடக்கவில்லை. அப்போது எதிர்வீதிப் பிள்ளையார் கோயிலில் மாலை விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் மகள் வீட்டுக்குப் போக நேர்ந்தது. சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது இவர் சட்டைப்பையில் இருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து எனக்குக் காட்டினார். பருத்தி நூலில் முறுக்கிய திரிகள். முப்பது இருக்கும், எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். கடைத் திரி சீக்கிரம் கருகிவிடுகிறது என்பதால் தாமே முறுக்குவதாகச் சொல்லிக்கொண்டே, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நூலை உருட்டிக் காட்டினார். அறுந்த இழையை ஐம்பது ஆண்டுகள் பிணைத்த விரல்கள் அவை. "ஆறு மணிக்கு நான் போகாட்டி சாமி இருட்டுல இருக்குமுங்க" என்றார். பக்தி அவரைத் தேற்றியதா, வேலை தேற்றியதா, போகும் வழியில் நான்கு பேர் பேசியது தேற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றும் ஒரே சாவியில் வந்து சேர்ந்திருந்தன.

ஆகவே உங்களுக்குப் பழக்கம் தேடுவதைவிட, உங்களுக்காகக் காத்திருக்கும் ஒன்றைத் தேட வேண்டும் என்பேன். முதலில் பால். உங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பையில் யாரோ பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்திவிட்டு, நீங்களே பால் பூத்துக்கு நடந்து போய் வாங்கி வாருங்கள். முப்பது ஆண்டுகள் பாலை ஊற்றப் போனவர் பால் வாங்கப் போவதில் முதல் சில நாட்கள் ஒரு வலி இருக்கும். அதை மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் முதல் காப்பிக்கு நீங்கள் வந்தாக வேண்டும் என்ற நிலை, ஒரு நடை, காலை வெளிச்சம், பூத்துக்காரரோடும் வரிசையில் நிற்பவரோடும் இரண்டு வார்த்தை என நான்கும் ஒன்றாகக் கிடைக்கும். பாலை வீட்டில் கொடுத்த பிறகு, ஆறரை மணிக்கு மேல் இன்னொரு இருபது நிமிடம் கீழேயோ மொட்டை மாடியிலோ வெளிச்சத்தில் நில்லுங்கள். 5 மணிக்கும் பூத்துக்குக் கிளம்பும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதில் வாசல் இருக்கிறது. அடுக்குமாடியில் கதவுக்கு வெளியே இரண்டடி இடம்தான் இருக்கும், பலர் ஒட்டுத்தாளில் அச்சடித்த கோலத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் ஈரத்துணியால் துடைத்து, ஐந்து புள்ளிக் கோலமாவது கையால் போடுங்கள்.

மொட்டை மாடியில் அனுமதி கிடைத்தால் நான்கு தொட்டிகள் வையுங்கள்: ஒன்றில் கறிவேப்பிலை, இரண்டில் கீரை, ஒன்றில் துளசி. அழகுச் செடிகளைவிடக் கீரையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், தண்ணீர் இல்லாவிட்டால் அன்று மாலையே தலை தொங்கிவிடும் என்பதுதான். சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் ஒரு நாள்கூடத் தாங்காது. அது உங்களைக் கூப்பிடும்.

சமையலறையைப் பற்றி எழுதத் தயங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் மருமகளின் இடமும்கூட. இருந்தாலும், வாரத்தில் சில நாட்கள் இரவு உணவு உங்கள் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்ளலாம். அரிசிம்பருப்புச் சாதம் ஆக்க முக்கால் மணி நேரம் போதும். சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்கும் வாசம் அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்கு எழுந்தால், கணினிக்கு முன்னால் இருப்பவர்களும் தாமாக எழுந்து வருவார்கள் என்பது நான் பல வீடுகளில் கேட்டது. அதற்கு முன்னால் உள்ள மாலைக் கறவை நேரம்தான் உங்களுக்குக் கடினமான பொழுது. சரியாக 5 மணிக்கு ஊரில் இருக்கும் உங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள். நேரம் கிடைக்கும்போது என்று வைத்துக்கொண்டால் நடக்காது. 5 மணி என்று சொல்லி வைத்தால் ஒரு நாள் நீங்கள் கூப்பிடாதபோது அவரே கூப்பிடுவார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பாலும் அக்காவும் போதும். அவை ஊன்றிய பிறகு மற்றவை. 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். 1960இல் அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் ஒருவர், தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரம் ஆவதாக எழுதியது மருவி மருவி இப்படி ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் படிய எடுத்த காலம் நடுவளவாக 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. நான்கு நாளில் நின்றுபோனதை வைத்து உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.

நாட்குறிப்பு எழுதுவது சிலருக்கு உதவுகிறது, பலருக்கு உதவுவதில்லை. ஆய்வுகளில் தெரியும் பலனும் சிறிதாகவே இருக்கிறது. எழுத எழுதத் துயரத்தையே மீண்டும் மீண்டும் கிளறிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆகவே உங்களை வற்புறுத்த மாட்டேன். நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சு விடுவது அந்த நேரத்துப் படபடப்பைத் தணிக்கும் என்பதில் ஐயமில்லை. நெஞ்சு அழுத்தும்போது ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். ஆனால் காலியான ஒரு நாளை அதைக் கொண்டு நிரப்ப முடியாது.

உங்கள் மகன் இதைப் படிப்பாரானால் அவருக்கும் ஒரு சொல். "நீங்க சும்மா உக்காருங்கம்மா, இத்தனை நாள் பட்டதெல்லாம் போதும்" என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் அன்போடுதான் சொல்கிறார்கள். அன்பில் குறையே இல்லை. ஆனால் கை ஓயாமல் இருந்தவருக்கு அந்தச் சொல், இனி உங்களால் ஆக வேண்டியது எதுவும் இல்லை என்று காதில் விழும். மழை பெய்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று ஒரு நாள் பாலை நீங்கள் வாங்கி வந்தால், மறுநாள் அதை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவையெல்லாம் எதற்குப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழகிய 5 மணிக்கு விழிப்பு வருவதும் மாலையில் ஏக்கம் வருவதும் உங்கள் நிலையில் இயல்பானவை. அப்படியின்றி, 3 மணிக்கே விழித்து மறுபடி தூக்கம் வராமல், விடியும் நேரத்தில்தான் பாரம் மிக அதிகமாக இருந்து, பொழுது ஏற ஏறச் சற்று இலகுவாகிறது என்றால் அது வேறு. பசி அற்றுப்போதல், எடை குறைதல், பேரப்பிள்ளை சிரித்தாலும் மனம் அசையாமை, நான் யாருக்கும் பாரம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரம் தொடர்ந்தால், பழக்கங்களோடு நிற்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நெஞ்சு அழுத்தம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், அதை மனம் என்றே வைத்துக்கொள்ளாமல் ஒரு முறை பொது மருத்துவரிடம் இதயத்தையும், கூடவே தைராய்டு, இரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள், இது கட்டாயம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும், அன்றே மகனிடம் சொல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

செவலையைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம் என்பதே என் எண்ணம். பார்க்காமல் இருந்தால் மறந்துவிடும் என்று நினைத்து ஒதுங்கியவர்களுக்கு அந்த இடம் ஆறாமலே இருப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆனால் முதல் முறையாகப் பட்டிப் பொங்கலன்று (மாட்டுப் பொங்கல்) போக வேண்டாம். பட்டியில் சிறு தெப்பக்குளம் கட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, ஒரம்பரை (உறவினர்) நிறைந்திருக்கும் அந்த வீட்டில் உங்களுக்கு நின்று அழக்கூட இடம் இருக்காது. சாதாரணமான ஒரு நாளில், வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாலைக் கறவைக்குச் சற்று முன்னால் போங்கள். ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை அது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும், காணாமலும் போகலாம், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கீரையைக் கையாலேயே ஊட்டி, கழுத்தடித் தொங்கலைத் தடவிக் கொடுங்கள். அழுகை வந்தால் வரட்டும். இருட்டிய பிறகு தனியாகப் பேருந்து ஏறிக் கோவைக்குத் திரும்பாமல், அன்றிரவு அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை வாருங்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பாலை மகன் வாங்கட்டும்.